சுகரா பேகத்துக்குப் பிடித்த குரல்

"அந்த ஆளோட குரலை அமுக்கற மாதிரி ஒரு மைக் குடு தம்பி. விலை கேக்க மாட்டேன்."

வேலூரில் ஒலிக்கருவிக் கடை வைத்திருக்கும் கார்முகிலன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே நின்றவர் ஆம்பூர் அப்துல் வஹாப். முப்பத்தைந்து வருஷம் தோல் மண்டியில் தரம் பிரித்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவினால், அந்த ஆடு எந்தச் சந்தையில் விலைபோனது, விற்றவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுவரை சொல்லிவிடுவார். ஒரே ஒரு தடவை பிள்ளைக் கணக்கில் இரண்டு கூடிப்போனது. விசாரித்தால், விற்றவனுக்கு நாட்றம்பள்ளியில் இன்னொரு குடும்பம் இருந்தது.

"எந்த ஆளு பாய்?"

"என் வீட்டுக்காரிக்குப் பிடிச்ச ஆளு."

கடையில் வேறு யாரும் இல்லையே என்று கார்முகிலன் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"உக்காருங்க பாய். மெதுவா சொல்லுங்க."

"மெதுவா சொல்றதுக்கு இன்னா இருக்கு? ஞாயித்துக்கிழமை பேத்தி ஹீனாவுக்குக் கல்யாணம். எங்க கல்யாண ஃபோட்டோவுலருந்து எல்லாத்தையும் கோத்து என் பொண்ணு முபஷ்ஷிரா ஒரு வீடியோ பண்றா, மண்டபத்துல போட. படம் ஓடறப்ப பின்னாடி ஒரு குரல் பேசணுமாம். நான் பேசறேன்னேன். சுகரா பேகம் கூடாதுன்னுட்டா. அந்தக் குரல்தான் வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"உங்க கல்யாண ஃபோட்டோவுக்கு இன்னொருத்தர் குரலா?"

"அதான் பேஜாரா இருக்கு."

"ரேடியோவுல பேசறவரா?"

"ஒண்ணுமில்லாத பய. சவுதியில மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தான். பேசியே மயக்கிட்டான். இப்போ அவன் பேச்சைப் போன்ல போட்டு தெனம் கேக்கறா. காதுல மாட்டிக்கிட்டு தனியா சிரிக்கறா தம்பி. டீ குடுன்னு பக்கத்துல உக்காந்து மூணு வாட்டி கேட்டேன். கையைக் காட்டறா, கம்முனு இருன்னு."

கார்முகிலன் அதற்கு மேல் கேட்க வெட்கப்பட்டு, மூன்று மைக்குகளை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

அப்துல் வஹாப் ஒவ்வொன்றையும் கட்டை விரலால் தடவினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். கடைசியில் குண்டாக இருந்ததை எடுத்தார்.

"இதுல கீறல் இல்ல. தடிமனும் ஜாஸ்தி. இதையே கட்டு."

"பாய், இது ஆட்டுத் தோல் இல்ல. இது கண்டென்சர் மைக். ஃபேன் சுத்தறது, தெருவுல பைக் போறது, எல்லாத்தையும் சேத்துப் பிடிக்கும். உங்க வீடு எங்க?"

"பைபாஸ் ஓரம்."

"அப்போ இந்த டைனமிக்தான் சரி. வாய்க்கு நேரா இருக்கற சத்தத்தை மட்டும் பிடிக்கும். ஆனா பிடிக்கறது கம்மி. ப்ரீஆம்ப்னு ஒரு பெட்டி வச்சு சத்தத்தை ஏத்தணும். மட்டமான ப்ரீஆம்ப்னா குரலோட சேந்து இரைச்சலும் ஏறிடும்."

"மட்டமானது எனக்கு எதுக்கு? அவன் இன்னா வச்சிருக்கானோ அதுக்கு மேல ஒண்ணு வை."

கார்முகிலன் ஒரு ப்ரீஆம்பை மாட்டினான். அப்துல் வஹாப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சுகரா, நான்தான் பேசறேன்" என்றார். திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். ஏலகிரி மலை வளைவில் கியர் விழாமல் நிற்கும் லாரி மாதிரி இருந்தது.

உசத்தியான ப்ரீஆம்பை மாட்டினான். இப்போது லாரியைக் கழுவித் துடைத்து நிறுத்தியது போல் இருந்தது. ஆனாலும் லாரிதான்.

அப்துல் வஹாப்பின் முகம் சுருங்கியது. போனை எடுத்து நீட்டினார்.

"நீயே கேளு. அவன்கிட்ட அப்படி இன்னாதான் கருவி இருக்குன்னு பாத்துச் சொல்லு."

கார்முகிலன் ஹெட்ஃபோனை மாட்டினான். தேனில் ஊறிய ஒரு குரல் நிதானமாகப் பேசியது: "சுகரா, இனிமே ஊறுகா அனுப்பாத. வர்ற வழியிலேயே பாட்டில் உடைஞ்சி சட்டையெல்லாம் எண்ணெய். அந்தச் சட்டையை நான் தோய்க்கல. உன் ஞாபகம் வர்றப்பல்லாம் எடுத்து மோந்துக்கறேன்."

கார்முகிலனுக்குக் காது சிவந்துபோனது. ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"குடும்பப் பொம்பளைகிட்ட பேசற பேச்சா பாய் இது? நீங்க சும்மாவா விட்டீங்க?"

"இன்னா பண்றது? அப்போ எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது."

கார்முகிலன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். நல்ல மனிதர், பொறாமையில் புத்தி கலங்கியிருக்கிறது என்று தோன்றியது. மைக்குகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் திரும்ப வைத்தான்.

"பாய், வியாபாரம் போனாலும் பரவாயில்ல, உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஆளுகிட்ட மைக்கும் இல்ல, ப்ரீஆம்பும் இல்ல. இது பழைய டேப் ரெக்கார்டர், அதுலயே இருக்கற குட்டி மைக். குரல்தான் அவன் சொத்து. என் கடையையே தூக்கிட்டுப் போனாலும் அவனை நீங்க ஜெயிக்க முடியாது."

"வழியே இல்லியா?"

"ஒரே வழி. கௌரவம் பாக்காம அந்த ஆளையே கூட்டிட்டு வாங்க. நானே புதுசா பேச வச்சு எடுத்துத் தர்றேன். வீட்டுலயும் சமாதானம் ஆயிடும்."

அப்துல் வஹாப் போனை வாங்கி ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கூட்டிட்டு வர முடிஞ்சா உன்கிட்ட ஏன் மைக் கேக்கறேன் தம்பி? எண்பத்தி மூணுல ரியாத்துல உக்காந்து சுகராவுக்கு இந்தக் கேசட்டைப் பேசி அனுப்பறப்ப, எனக்கு இருபத்தேழு வயசு."