லிஃப்ட் நிற்கிற நாள்

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாசல் கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

காலடியில் ஒரு துணிப்பை. இன்றைக்கும் அவர் சொல்லாமல் கிளம்பினால், அவளும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு. ஐம்பது வயதில் ஒருத்தி பிறந்தநாளுக்காகவா புருஷனிடம் கோபித்துக்கொண்டு போவாள் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் பிறந்தநாளன்று அவர் வீட்டில் இருந்ததில்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். முதல் வருஷம், "ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுடுச்சு" என்றார். அடுத்த வருஷம் ஏதோ ஆபீஸ் லிஃப்ட். மூன்றாவது வருஷம் அவள் கேட்டே விட்டாள்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் என் பொறந்தநாள் பார்த்துத்தான் நிக்குமா?"

அதற்கப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். விடியுமுன் போவார். இருட்டிய பிறகு வருவார். சாப்பிட்டுப் படுத்துவிடுவார்.

"பரிசு வாங்கித் தரணுமேன்னு மனுஷன் கம்பி நீட்டிடுறார், அக்கா" என்று மாடிவீட்டுக்காரி சிரிப்பாள்.

மகள் சின்னவளாக இருந்தபோது, அவளுடைய பிறந்தநாளிலும் அதே கதைதான். முதல் நாள் சாயங்காலம் மூச்சுமுட்ட பலூன் ஊதிக் கட்டுவார். காலையில் குழந்தை புதுக் கவுனைக் காட்ட ஓடினால், வாசலில் அப்பாவின் செருப்பு இருக்காது.

அவள் பிறந்த வீட்டில் அந்த நாளே வேறு. அவளுடைய அப்பா தபால்காரர். அன்றைக்கு மட்டும் அவளைத் தட்டி எழுப்ப மாட்டார். கட்டிலோரம் உட்கார்ந்து, அவளாகக் கண் திறக்கும்வரை காத்திருப்பார். திறந்ததும், "முதல் தபால் உங்களுக்குத்தான் அம்மணி" என்று ஒரு கவரை நீட்டுவார். உள்ளே ஒரு மிட்டாய் இருக்கும்.

இப்போது ஊரார் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கவுன் தைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. தன் பிறந்தநாள் நெருங்கினால் மட்டும், தையல் கோணலாகப் போகும்.

உள்ளே கட்டில் முனகியது. விளக்குப் போடாமல், கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூனை மாதிரி வந்தார் அவர்.

அவள் சுவிட்சைத் தட்டினாள்.

அவர் திடுக்கிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந்த லிஃப்ட் நின்னுச்சு இன்னிக்கு?"

"நீ ஏன் இப்பவே எழுந்தே?"

"நல்லா இருன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"கதவைத் திற. சாயங்காலம் பேசிக்கலாம்."

"பேசிக் கிழிச்சீங்க இருபத்தாறு வருஷமா! எதுக்குச் சுவத்தைப் பார்த்துப் பேசறீங்க? என்னைப் பார்க்கவே பிடிக்கலையா?"

அவர் திரும்பவில்லை.

"உங்க பொறந்தநாளை நான் ஒரு தடவையாவது மறந்திருக்கேனா? ஜூன் ஒண்ணு வந்தா, புதுச் சட்டை தைச்சு மாட்டி விடறேனா இல்லையா?"

"அது வாத்தியார் போட்ட தேதி."

"என்னது?"

"ஸ்கூல்ல சேர்க்கும்போது நிஜத் தேதியைச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரலை. அன்னிக்குத்தான் அம்மா போனாங்க. என்னைப் பெத்துப் போட்டுட்டு, அன்னிக்கே."

சின்ன வயதிலேயே தாயை இழந்தவர் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எந்த நாள் என்று அவள் கேட்டதில்லை.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"சொல்ற மாதிரி என்ன இருக்கு? வருஷா வருஷம் அந்த நாள் வந்தா, விடியறதுக்கு முன்னாடியே என்னைத் தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுல படுக்க வெச்சிடுவாங்க. அப்பா என் முகத்துல முழிக்கக் கூடாதாம். இருட்டினப்புறம்தான் கூட்டிட்டு வருவாங்க. எல்லார் வீட்டுலயும் பொறந்தநாள்னா அப்படித்தான்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பழுதான மோட்டாரைப் பற்றிச் சொல்கிறவர் மாதிரி.

அவள் எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டாள். "திரும்புங்க. என்னைப் பாருங்க."

அவர் கையை மட்டும் பின்னால் நீட்டி அவளைத் தடுத்தார்.

"நல்ல நாள் அதுவுமா என் மூஞ்சியில முழிக்காதே. போய் முதல்ல கண்ணாடியில உன் முகத்தைப் பார்த்துட்டு வா. அப்புறம் திரும்பறேன்."