குழிக்குள் முப்பத்தேழு பேர்

போரைப் பற்றிய அந்தப் படத்தில் மாரப்பன் சிப்பாயாக நடித்தான். அவன் முப்பத்தேழு பேரைச் சுடும் காட்சி முடிந்து, எல்லோரும் குழிக்குள் பிணங்களாகக் கிடந்தார்கள். இறந்தவராக நடித்தவர்கள் எழுவதற்கு முன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயுளுக்கு ஆகாது என்பது சினிமாக்காரர்களின் நம்பிக்கை. கடைசி ஆள் சிரிக்கும்வரை மற்றவர்களும் எழுவதில்லை. அன்று மற்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அகதி முகாமிலிருந்து நடிக்க வந்திருந்த தவமலர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

"சிரிச்சிருங்கம்மா, சோறு ஆறுது," என்றார் இயக்குநர்.

"என்ர தங்கச்சியும் இப்பிடித்தான் கிடந்தவள்," என்றாள் தவமலர். "அவளை ஒருத்தரும் எழும்பச் சொல்லேல்லை."

மாரப்பனுக்குக் கையிலிருந்த மரத்துப்பாக்கி கனத்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, "முருகா" என்று முனகியபடி குழிக்குள் இறங்கிக் கையை நீட்டினான்.

"நாஞ் சொல்றேனுங்கக்கா. எந்திரிங்க."

தவமலர் கண் திறந்து, சீருடையில் நிற்பவனை வெகுநேரம் பார்த்தாள்.

"தம்பி, உங்கட மீசை கழண்டு தொங்குது," என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் கையைப் பிடித்து எழுந்தவள் சாப்பிடப் போகவில்லை. பக்கத்தில் கிடந்தவரிடம் குனிந்து, "எழும்புங்கோ ஐயா," என்று கை கொடுத்தாள். பிறகு அடுத்தவருக்கு. மாரப்பன் மறுகோடியிலிருந்து தொடங்கினான். கேமராவை நிறுத்தச் சொல்ல இயக்குநருக்கு மனம் வரவில்லை.

அதையே படத்தின் கடைசியில் சேர்த்தார்கள். இன்றும் அந்தப் படம் ஓடும் ஊர்களில், விளக்குகளைப் போட்டுவிட்டாலும், முப்பத்தேழாவது ஆள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்ளும்வரை யாரும் இருக்கையை விட்டு எழுவதில்லை.