ஸ்பீக்கர் வேண்டாம்

"ஊசியை மட்டும் மாத்திக் குடுங்க, போதும். ஸ்பீக்கர்ல பாட்டு வரணும்னு அவசியமே இல்ல."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். ரெகார்ட் பிளேயர் பழுது பார்க்கும் தொழிலில் இப்படி ஒரு வேண்டுகோளை அவர் கேட்டதே இல்லை. கைக்குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்த பிளேயரை மேஜைமேல் இறக்கிவிட்டு, அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பாட்டு வராத பிளேயர் எதுக்கும்மா? தட்டு சுத்தறதை வேடிக்கை பார்க்கவா?"

"எதுக்கோ! அவர் ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள முடியுமா, முடியாதா?"

மெக்கானிக் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு குனிந்தார். ஊசிமுனையில் இருக்க வேண்டிய வைரத் துணுக்கைக் காணோம். அதைத் தாங்கும் மெல்லிய குழாயே பாதியில் ஒடிந்திருந்தது.

"இது தேய்ஞ்சு போனதில்ல, அடிபட்டது. மேல எது விழுந்துச்சு?"

"அவரோட மூக்குக்கண்ணாடி."

"கண்ணாடி விழற அளவுக்கு அவ்வளவு கிட்ட குனிஞ்சு என்ன பண்ணினார்?"

"ரெண்டு பேர் தலையும் முட்டிக்கிச்சு..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. விளக்கம் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

"தட்டுல இருக்கே கோடு, அதோட சுவர் பூரா மேடும் பள்ளமும்தான். ஊசி அதுல உரசி ஆடும். அது ஆடினா பின்னாடி காந்தம் ஆடும். காந்தம் ஆடினா கம்பிச் சுருள்ல கரண்ட் கிளம்பி, நாலு ஒயர் வழியா ஸ்பீக்கருக்குப் போகும். ஆனா ஒண்ணு..." பழைய ஊசியை முன்பக்கமாக இழுத்து எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினார். 'டிக்' என்று உட்கார்ந்தது. "ஸ்பீக்கரே இல்லாட்டியும் ஊசி சும்மா இருக்காது. தனக்குள்ளயே முணுமுணுத்துக்கும்."

"அதேதான்! அதைத்தான் நாங்க கேக்கறோம்!"

அதற்குமேல் அந்த அம்மாளால் அடக்க முடியவில்லை.

"பசங்க வெளியூர் போனப்புறம் எங்க வீட்ல பாட்டு மட்டும்தான் பேசும். அவர் ஹாலோட அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. 'சாப்பிட்டாச்சா, கதவு சாத்தியாச்சா', அதோட சரி. திடீர்னு ஒருநாள் ஸ்பீக்கர் நின்னுபோச்சு. ஊசி மட்டும் கொசு மாதிரி பாடிச்சு. கேக்கணும்னா ரெண்டு பேரும் தலையோட தலை வெச்சுக் குனியணும். குனிஞ்சோம். பாட்டு முடிஞ்சும் எழுந்திருக்கல. கல்யாணமான புதுசுலகூட நாங்க அவ்வளவு பேசினதில்ல. ஊசி ஒடிஞ்சதும் மறுபடியும் ஆளுக்கொரு கோடி. ஸ்பீக்கரையும் சரி பண்ணிட்டீங்கன்னா, கடைசிவரைக்கும் அந்தக் கோடிதான்."

மெக்கானிக் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஊசியருகே காதைக் கொண்டுபோனார். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து யாரோ பாடுவதுபோல இருந்தது. தெருவின் இரைச்சல் மெல்ல விலகி, வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டது. எதிரே அந்த அம்மாளும் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். தட்டு சுற்றச் சுற்ற, மேஜை, சுவர், சாயங்கால வெயில் எல்லாமே கூடவே மெதுவாகச் சுற்றுவதுபோல இருந்தது.

பாட்டு முடிந்ததும் அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. ஸ்பீக்கர் போனதுல மனுஷனுக்கு ரொம்ப வருத்தம். சரி பண்ண வேண்டாம்னு நானே சொன்னது தெரிஞ்சா என்ன நினைப்பார்?"

"நான் ஏம்மா சொல்லப் போறேன்?"

ஆனாலும் கோளாறு என்னவென்று பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. லென்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு ஊசிக்குப் பின்பக்கம் பார்த்தார். சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம் என்று நான்கு ஒயர்களும் கழன்றிருந்தன. ஒன்றுகூட அறுபடவில்லை. ஒன்றோடொன்று உரசாதபடி ஒவ்வொரு நுனியிலும் கடுகளவு டேப் சுற்றி, நான்கையும் ஓரமாக மடக்கி வைத்திருந்தது. தானாகக் கழன்ற ஒயர், தன் நுனிக்குத் தானே டேப் சுற்றிக்கொள்ளுமா?

"ஏம்மா, வீட்ல இந்த ஊசிப் பக்கம் யார் கை வைப்பாங்க?"

"ஐயோ, நான் கிட்டயே போக மாட்டேன்! துடைக்கறது, திருகறது எல்லாம் அவர்தான். வேற யாரையும் தொட விடவே மாட்டார்."