பனிக்குள் நின்ற முத்துப்பேச்சி

"ஏ முத்துப்பேச்சி! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? எல்லாரும் பாடுறாளுக, ஒன் சத்தத்தக் காணோம்!"

வரப்பிலிருந்து கங்காணி அக்கம்மாள் போட்ட அதட்டலில் நடவு வயலே ஒரு கணம் நின்றது. முத்துப்பேச்சி பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பனிக்குள் குனிந்து நிற்பதுபோலத் தெரிந்தது முத்துப்பேச்சியே அல்ல. சேற்றில் சாய்வாக ஊன்றிய கவைக்கம்பு. அதன்மேல் அவளுடைய பழைய சுங்கடிச் சேலை, தலைக்கு ஒரு நாற்றுமுடி.

"அவளுக்குத் தொண்ட கட்டியிருக்கு ஆத்தா," என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த சுப்புத்தாய்.

"நேத்தும் தொண்டதான் கட்டியிருந்துச்சு. சுக்குத் தட்டிப்போட்டுக் குடிக்கச் சொல்லு!"

"சொல்றேன் ஆத்தா."

மார்கழி வந்துவிட்டால் அனுமந்தன்பட்டி வயல்கள் இப்படித்தான். மேகமலைக்கு மேலே சூரியன் ஏறும்வரை பக்கத்தில் நிற்பவள் முகம்கூடத் தெரியாது. கால் இருப்பது சேற்றிலா, மேகத்திலா என்று சந்தேகம் வந்துவிடும். பாட்டு எங்கிருந்தோ வரும், எங்கேயோ போகும். குளிரும் சுகமாகத்தான் இருக்கும்.

அந்தப் பனியில்தான் அக்கம்மாள் கம்பளியைப் போர்த்தி, குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று தலை எண்ணுவாள். எண்ணும்போது இல்லாதவளுக்கு அந்த நடவு முழுக்க வேலை கிடையாது. அது பண்ணையார் போட்ட சட்டம். முத்துப்பேச்சியின் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையை நம்பித்தான்.

ஆனால் அந்த நேரத்தில்தான் அவள் வாத்தியாரம்மா கஸ்தூரியம்மாள் வீட்டில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். மதுரையில் நர்ஸ் படிப்புக்குப் பெண்களை எடுக்கிறார்களாம். படிக்கத் தெரிகிறதா, கணக்கு வருகிறதா என்று ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா சோதித்துப் பார்ப்பாளாம்.

பனி கலையத் தொடங்கும்போது முத்துப்பேச்சி ஓடி வந்து, கம்பை வாய்க்காலுக்குள் போட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல் குனிந்துகொள்வாள். அதுவரை அவள் பங்கை இந்தப் பக்கம் சுப்புத்தாயும் அந்தப் பக்கம் பஞ்சம்மாளும் சேர்த்து நட்டிருப்பார்கள்.

"நம்மள்ல ஒருத்தி வெள்ளச் சேல கட்டி, பூட்ஸ் போட்டு, டக்கு டக்குன்னு நடந்து வாரத நான் பாக்கணும்டி," என்பாள் பஞ்சம்மாள். அதைக் கேட்டதும் எல்லோர் கையும் கொஞ்சம் ஓயும். பனிக்குள் அந்த வெள்ளைச் சேலை நடந்து வருவதுபோலவே இருக்கும்.

பயமெல்லாம் அக்கம்மாளை நினைத்துத்தான். அவள் மகள் தலைப்பிரசவத்தில், மாட்டுவண்டி உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து அக்கம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்தால் பண்ணையாருக்குத் தெரிந்த மாதிரிதான்.

"நல்லவேள, அதுக்குக் கண்ணு மங்கல்," என்று பெண்கள் சாமிக்கு நன்றி சொன்னார்கள்.

பரீட்சை நாள் வந்தது.

"உத்தமபாளையத்துல வச்சுத்தான் எழுதணுமாம்க்கா. உச்சிப்பொழுதாகும் நான் திரும்பி வர. அதுவரைக்கும் பனி நிக்குமா?" விடியுமுன் கம்பை ஊன்றியபோது முத்துப்பேச்சிக்கு அழுகை வந்துவிட்டது.

"நிக்கும், நிக்கும். நீ போயிட்டு வா," என்று அனுப்பிவைத்தாள் சுப்புத்தாய். சொல்லிவிட்டாளே தவிர, மேகமலைப் பக்கம் வெளுக்கிறதா என்று அடிக்கொருதரம் பார்த்துக்கொண்டாள்.

அன்று எல்லாமே விநோதமாக இருந்தது. வரப்பில் குடை மங்கலாகத் தெரிந்தது, ஆனால் அதட்டல் வரவில்லை. முத்துப்பேச்சியின் பங்கில் நாற்று மளமளவென்று விழுந்துகொண்டிருந்தது. பஞ்சம்மாள் நடுகிறாள் என்று சுப்புத்தாய் நினைத்தாள். சுப்புத்தாய் நடுகிறாள் என்று பஞ்சம்மாள் நினைத்தாள்.

திடீரென்று கூடலூர்ப் பக்கமிருந்து காற்று இறங்கியது. பனி பஞ்சு பஞ்சாகப் பிய்ந்தது. அதே நேரத்தில் ரோட்டில் சலங்கைச் சத்தம். பண்ணையாரின் வில்வண்டி!

"போச்சு! கம்பப் பிடுங்கிருவமா?" என்றாள் பஞ்சம்மாள், தலையைத் தூக்காமலே.

"பிடுங்கினா ஆளு கொறையும். விட்டா கம்பு தெரிஞ்சு போகும்." சுப்புத்தாயின் கையிலிருந்து நாற்று நழுவியது. உத்தமபாளையத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணை நினைத்துக் கண் கலங்கியது.

வண்டி ரோட்டோரம் நின்றது. சேற்றுக்குப் பயந்து இறங்காமலே கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ணினார் பண்ணையார்.

"அக்கம்மா! ஆளு சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்குங்கய்யா!"

குரல் வரப்பிலிருந்து வரவில்லை. சுப்புத்தாயின் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். முழங்கால் சேற்றில், முத்துப்பேச்சியின் சுங்கடிச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள் அக்கம்மாள்.

"என்னைய என்னடி பாக்குறீக? அவ அங்கன நல்லபடியா எழுதட்டும். நீங்க இங்கன பாடுங்கடி!"

வரப்பின் மேலே, அக்கம்மாளின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவளுடைய குடையின் கீழே, கங்காணியைப் போலவே விறைப்பாக நின்றது அந்தக் கவைக்கம்பு.