நாலு மூலையிலும் இருட்டு

கல்யாணப் படம் எடுக்கும் பொன்னரசுவின் தோள்பையில், லென்சுக்குக் கொஞ்ச நாளாகவே இருப்புக்கொள்ளவில்லை.

"ஏய், என் பார்வைக்கு நீ எந்த மூலைக்கு?" என்று தன்னை மாட்டியிருந்த சின்னக் கேமராவைக் குத்திக்கொண்டே இருந்தது. "மண்டபத்துல வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சாப் போதும், படம் புள்ளி புள்ளியா வருது. எனக்குப் பெரிய சென்சார் வச்ச ஃபுல் ஃபிரேம் கேமராதான் லாயக்கு."

"அவரும் அதைத்தான் யோசிக்கிறார். நீயாவது அதுல நல்லா இரு" என்றது கேமரா.

யோசிக்கிறாராம்! வாங்குவதென்றால் சட்டுபுட்டென்று வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று லென்ஸ் பொருமியது.

ஒருவழியாகப் பொன்னரசு கடைக்குப் போனார். லென்சைக் கழற்றிப் பெரிய கேமராவில் மாட்டி, கடை வாசலைப் படமெடுத்தார். நடுவில் வாசல் பளிச்சென்று விழுந்தது. நாலு மூலையிலும் கன்னங்கரேல் என்று இருட்டு.

"கேமராவுலதான் ஏதோ கோளாறு" என்று லென்ஸ் பதறியது.

கடைக்காரர் சிரித்தார். "சார், இது சின்னக் கேமராவுக்குன்னே செஞ்ச லென்ஸ். இது விழவைக்கிற படம் இவ்வளவு பெரிய சென்சாரோட மூலைக்கு எட்டாது. ரெண்டையும் சேர்த்து எக்ஸ்சேஞ்சுல போட்டுடுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று லென்சைப் பழையபடி சின்னக் கேமராவில் மாட்டிக்கொண்டு பொன்னரசு கிளம்பினார்.

பஸ்ஸில் அவர் போனைத் திறந்து மறுபடியும் அந்தப் பெரிய கேமராவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பைக்குள் லென்ஸ் சின்னக் கேமராவிடம் மெல்லச் சொன்னது: "அண்ணே, என்னைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கங்க."