கீழ்த்தொட்டியில் எவனோ இருக்கிறான்

கடல்நீர்த் தொட்டி ஒன்றில் ஒரு கோடுபோட்ட மீன் இருந்தது. தன் வாலையே, பின்தொடர்ந்து வருகிற ஆள் என்று சந்தேகிக்கும் ரகம். ஒருநாள் வீட்டுக்காரர் கீழே இன்னொரு தொட்டி கட்டி, பாசி வளர்த்து, குழாய் போட்டார். மேல்தண்ணீர் இறங்கி, பாசியில் சுத்தமாகி, மோட்டாரில் ஏறி வந்தது.

மீன் பக்கத்திலிருந்த நத்தையிடம் பதறியது: "நத்தையண்ணே, கீழ இருக்கிறவன் நம்ம தண்ணியைத் திருடுறான். நாளைக்கு நாம கருவாடுதான்!"

"திரும்பி வருதே, தம்பி."

"அது நம்ம தண்ணிதான்னு யார் சொன்னா? போய் தண்ணி இறங்குற அந்த ஓட்டையில உட்காருங்க."

நத்தையும் பாவம், உட்கார்ந்தது. இறங்கும் வழி அடைத்துக்கொண்டது. மோட்டாரோ ஏற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி வழிந்தது. மீன் விளிம்பு தாண்டித் தரையில் விழுந்து துடித்தது. ஓடிவந்த வீட்டுக்காரர் அதை அள்ளி, பதற்றத்தில் கீழ்த்தொட்டியிலேயே போட்டார்; பிறகு நத்தையை ஓட்டையிலிருந்து பிடுங்கினார்.

மூச்சு வந்ததும் மீன் நிமிர்ந்து பார்த்தது. மேலிருந்து தண்ணீர் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. பாசி மேய்ந்துகொண்டிருந்த இறாலிடம் மெல்ல ஒதுங்கியது.

"அண்ணே, சத்தம் போடாதீங்க. மேல ஒரு நத்தைப் பய இருக்கான். அவன் குளிச்ச தண்ணியை நமக்கு அனுப்புறான்."