கடைசி வாங்குக் குறட்டை

“அந்த ஐயா இண்டைக்கும் குறட்டை விட்டிட்டார், மிஸ்.”

தேவராசா மாஸ்ரர் அலுவலக வாசலிலேயே நின்று முறையிட்டார். கையில் கிறீஸ், முகத்தில் கோபம்.

தயாளினிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஆனாலும் அவள் அந்தக் கொக்குவில் கல்லூரியின் விடுமுறைக் கால வகுப்புகளுக்குப் பொறுப்பாளர் அல்லவா? ஆகஸ்ட் மாதம் முழுக்கச் சிறிசு பெரிசு பார்க்காமல் யாரும் வந்து இலவசமாகப் படிக்கலாம். கேக் ஐசிங், கொம்பியூட்டர், தையல், படகு எஞ்சின் திருத்துதல் என்று ஏழு வகுப்பு. குறட்டை அந்தப் பட்டியலில் இல்லை.

“எந்த ஐயா?”

“வேறை ஆர், புத்தூர்ப் பரமலிங்கம்தான். எஞ்சின் திருத்தப் பழக வந்திருக்கிறார். படகு இருக்கோ எண்டு கேட்டன், இல்லையாம். கடலுக்குப் போறனீங்களோ எண்டு கேட்டன், ஆடி அமாவாசைக்குக் கீரிமலையிலை தீர்த்தமாடப் போறவராம்.”

“பிறகு?”

“நேற்று எஞ்சினைக் கழட்டிக் காட்டினன். இது நிமிசத்துக்கு எவ்வளவு தண்ணி இறைக்கும் எண்டு கேக்கிறார். பிறகென்ன, நித்திரைதான். பத்தரைக்கு ரீயும் ரோல்ஸும் வரேக்கை மட்டும் தானா எழும்பியிடுவார்.”

மாஸ்ரர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

“அங்காலை குருநகர்ப் பிள்ளை றொசாந்தி முழங்கை மட்டும் கிறீஸோடை நிண்டு வேலை செய்யுது. தகப்பன்ரை போட் மாதத்துக்கு ரெண்டு தரம் நடுக்கடலிலை நிக்குதாம். தானே திருத்திக் குடுக்க வேணுமெண்டு நிக்குது. அப்பிடியான பிள்ளைக்குப் பின்னாலை, கடைசி வாங்கிலை சாய்ஞ்சிருந்து இவர் குறட்டை விட்டால் நான் எப்பிடிப் படிப்பிக்கிறது? பேரை வெட்டிவிடுங்கோ, மிஸ்.”

தயாளினிக்கு அது நியாயமாகவே பட்டது. விதி என்று வந்துவிட்டால் அவளுக்கு முகம் பார்க்கத் தெரியாது. ‘வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். ஒருவர் குறைந்தாலும் வகுப்பு நடக்காது’ என்று தன் கைப்பட எழுதி யன்னலில் ஒட்டியிருந்தாள். இந்த முறை இரண்டு வகுப்புகளை அதைக் காட்டியே மூடியுமிருந்தாள், கொஞ்சம் பெருமையோடு.

பரமலிங்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள். மீசையில் ஒட்டியிருந்த ரோல்ஸ் தூளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“ஐயா, வகுப்பிலை நித்திரை கொள்ளுறியளாம்.”

“ஓம் பிள்ளை,” என்று உடனே ஒப்புக்கொண்டார். “விடிய நாலு மணிக்கு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சுப்போட்டு, புத்தூரிலை இருந்து கொக்குவில் மட்டும் சைக்கிள் மிதிச்சு வாறனான். வாங்கிலை இருந்த உடனை கண் சொருகுது.”

“இவ்வளவு நாளும் எஞ்சினைப் பற்றி ஏதாவது பழகினீங்களோ?”

“அது உப்புத் தண்ணியிலையும் ஓடும் எண்டு பழகினன்.”

“அப்ப என்னத்துக்கு ஐயா வாறியள்? ரோல்ஸுக்கோ?”

“ரோல்ஸ் நல்லாத்தான் இருக்கு,” என்றார் அவர்.

தயாளினி வரவுப் பதிவேட்டை விரித்துச் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

“பேரை வெட்டப் போறன் ஐயா. குறை நினைக்காதேங்கோ.”

“நான் என்னத்துக்குக் குறை நினைக்கிறன். ஆனால் வெட்டமுதல், மிச்சப் பேரை ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.”

எண்ணினாள். பதினொன்று. நம்பாமல் கீழிருந்து மேலாகவும் எண்ணினாள். அப்போதும் பதினொன்றுதான். இவரை வெட்டினால் குருநகர்ப் பிள்ளையின் வகுப்பே நின்றுவிடும். யன்னலில் அவளுடைய கையெழுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“றொசாந்தி உங்களுக்குச் சொந்தமோ, ஐயா?”

“எந்த றொசாந்தி? ஓ, அந்தப் பிள்ளையின்ரை பேர் அதுவோ? பதிவு முடியிற அண்டைக்கு உந்த யன்னலடியிலை எனக்கு முன்னாலை நிண்டது. பதினொரு பேர்தான், ஒண்டும் செய்யேலாது எண்டு நீங்கள் சொல்ல, கண்ணைத் துடைச்சுக்கொண்டு விலகிச்சுது. அடுத்தது நான். என்ரை சொட்டுநீர்ப் பாசன வகுப்புக்கும் பதினொண்டுதான், ஒண்டும் செய்யேலாது எண்டியள்.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“என்ரை வகுப்புக்கு இன்னொரு ஆளுக்கு நான் எங்கை பிள்ளை போறது? அந்தப் பிள்ளையின்ரை வகுப்புக்கு ஆள் பக்கத்திலையே நிண்டது.”

தயாளினி சிவப்புப் பேனாவை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

“போய் வகுப்பிலை இருங்கோ ஐயா. குறட்டையை மட்டும் கொஞ்சம் மெதுவா விடுங்கோ.”

அவர் போனதும் விதிகள் இருந்த கோப்பை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு தரம் வாசித்தாள். அவள் பயந்த மாதிரி, இன்னார் வகுப்பில் சேரக்கூடாது என்று அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த மாதம், நின்றுபோன சொட்டுநீர்ப் பாசன வகுப்பு சனிக்கிழமைகளில் தொடங்கியது. பரமலிங்கம் முன் வாங்கில் இருந்து கொப்பி நிறைய எழுதினார். குழாயில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு துளை போடுவது, எந்தப் பயிருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்று கேட்டுப் படிப்பிக்க வந்தவரைத் திணறடித்தார். ஒருதரமும் கண் சொருகவில்லை.

வகுப்பில் சரியாகப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆளின் விண்ணப்பத்தில், ‘தோட்டத்தின் அளவு’ என்ற இடத்தில் ‘மூன்று பூச்சாடி’ என்று எழுதியிருந்தது.

பத்தரைக்கு ரீ வந்தது. பரமலிங்கம் எழும்பிக் கடைசி வாங்கடிக்குப் போய், மேசையில் மெதுவாகத் தட்டினார்.

“தயாளினிப் பிள்ளை, எழும்புங்கோ. ரோல்ஸ் வந்திட்டுது.”